மசாஜ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

போன வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. வென்ட்வொர்த்வில்லில் ஒரு மணி நேரம் ரெமிடியல் மசாஜ் முடித்துவிட்டு வெளியே வந்தேன். இடுப்பு இரண்டு கிலோ குறைந்த மாதிரி இருந்தது. 100 டாலருக்கு மேல் கொடுத்த காசு வீண் போகவில்லை என்று ஒரு சந்தோஷம். திங்கட்கிழமை காலை ரயிலில் வின்யார்டுக்குப் போகும்போது பழைய வலி அதே இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அது என்னுடைய நாலாவது மசாஜ். நாலு தடவையும் இதே கதைதான். சனிக்கிழமை சொர்க்கம், திங்கட்கிழமை பழைய குருடி.

ஜி.பி.யிடம் முன்னாடியே காட்டியிருந்தேன். எலும்பு, நரம்பு என்று பயப்படும்படி எதுவும் இல்லை, உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு வரும் சாதாரண கீழ் முதுகு வலிதான் என்று சொல்லிவிட்டார். சாதாரண வலிதான். ஆனால் வீட்டில் மூன்றரை வயசுப் பெண் குழந்தை இருந்தால் எதுவும் சாதாரணமாக இருப்பதில்லை. டேகேர் வாசலில் தினமும் "அப்பா, தூக்கு" என்று இரண்டு கையையும் நீட்டுவாள். நான் "இன்னைக்கு வேண்டாம்டா, நடந்து போலாம்" என்பேன். ஒரு நாள் அவள் கையை நீட்டவே இல்லை. பாட்டியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்: "அப்பாவுக்கு பேக் வலிக்கும். நான் பிக் கேர்ள். நானே நடப்பேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சமாதானமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த தடவை போனபோது தெரபிஸ்ட் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இங்கேயிருந்து போன பிறகு என்ன பண்ணுவீங்க?"

நான் வரிசையாகச் சொன்னேன். நேரே தமிழ்ப் பள்ளிக்குப் போய் பெரியவனைக் கூப்பிட வேண்டும். பள்ளி விடும் வரை காரிலேயே உட்கார்ந்து போன் பார்ப்பேன். அப்புறம் மளிகைக் கடை, 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி பூட்டில் வைப்பது. மத்தியானம் யாராவது ஒருத்தர் வீட்டுப் பிறந்தநாள் பார்ட்டி. ராத்திரி ரிலீஸ் இருந்தால் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துப் பதினொன்றரை மணி வரை குனிந்து உட்காருவது.

அவர் சிரித்துவிட்டார். "ஒரு மணி நேரம் நான் செய்ததை, மீதி நாள் பூரா நீங்க கலைக்கிறீங்க."

என் தொழிலில் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. சர்வர் திணறும்போது ரீஸ்டார்ட் பண்ணினால் உடனே சரியாகிவிடும். எல்லாரும் கைதட்டுவார்கள். ஆனால் திணற வைத்த பிழை உள்ளே அப்படியே இருந்தால் இரண்டு நாளில் மறுபடி திணறும். நான் என் முதுகை நாலு தடவை ரீஸ்டார்ட் பண்ணியிருக்கிறேன். பிழையைப் பார்க்கவே இல்லை.

அம்மா சொன்னது

அம்மா டூங்காபியில் இருக்கிறாள். பாளையங்கோட்டைக்காரி. 90களில் அப்பாவோடு இங்கே வந்தாள், அப்போது எனக்கு ஏழு வயசு. நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"ஏல, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச அன்னைக்கு யாராவது ஊர் சுத்துவாங்களா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஊரில் எண்ணெய்க் குளியல் என்றால் குளியலோடு முடியாது. அது ஒரு முழு நாள் சமாச்சாரம். காலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து ஊற வைப்பார்கள். வெந்நீரில் சீயக்காய் போட்டுக் குளிக்க வேண்டும். அன்றைக்கு வெயிலில் அலையக் கூடாது, பகலில் தூங்கக் கூடாது, தயிரும் ஐஸும் கூடாது. மிளகு ரசம், சூடான சோறு. ராத்திரி சீக்கிரம் படுக்கை. அடுத்த வாரம் அதே கிழமை மறுபடியும். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று கிழமை கூடக் குறித்து வைத்திருந்தார்கள்.

இதில் ஒவ்வொரு விதியையும் நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தயிருக்கும் முதுகு வலிக்கும் என்ன சம்பந்தம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மொத்தமாகப் பாருங்கள். உடம்பைத் தேய்த்த அன்றைக்கு அதற்குச் சூடு கொடு, அலைச்சல் கொடுக்காதே, ராத்திரி முழுத் தூக்கம் கொடு, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பச் செய். இன்றைக்கு சிட்னியில் காசு கொடுத்துக் கேட்கிற அறிவுரையும் இதுதானே!

சித்த மருத்துவத்தில் மசாஜுக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்பதாவது வகை அசைத்தல், அதாவது உறுப்பை அசைத்து விடுவது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் இருந்து இருக்கிறது. அம்மா வீட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் மூட்டு வலிக்கு அங்கே போவார்களாம். தேய்த்து விட்டு அனுப்பும்போது பத்தியமும் சொல்லித்தான் அனுப்புவார்கள். தேய்ப்பது பாதி வைத்தியம், பத்தியம் மீதி. நாம் பாதியை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

அம்மா சொன்னதோடு நிறுத்தாமல் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

முதலில் ஒரு கசப்பான செய்தி. 2015-இல் காக்ரேன் அமைப்பு கீழ் முதுகு வலிக்கான மசாஜ் பற்றி 25 ஆய்வுகளை, 3,000 பேருக்கும் மேல் பங்கெடுத்தவை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. முடிவு: ஒன்றுமே செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் மசாஜ் கொஞ்ச நாளைக்கு வலியைக் குறைக்கிறது. நீண்ட நாள் கணக்கில் அந்தப் பலன் நிற்கவில்லை. அந்தக் கொஞ்ச நாள் பலனுக்கே ஆதாரம் பலமாக இல்லை என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதாவது என் திங்கட்கிழமை வலி என் உடம்பின் தனிக் குறை இல்லை. மசாஜின் இயல்பே அப்படித்தான்.

காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. மசாஜ் தசையை உடைத்துத் திருப்பிக் கட்டுவதில்லை. "முடிச்சை அவிழ்ப்பது" என்று சொல்வது பேச்சு வழக்குதான். பெரும்பாலும் நடப்பது, உடம்பின் காவல் கொஞ்சம் தளர்வது. வலிக்குப் பயந்து இறுக்கிப் பிடித்திருந்த தசைகள் பிடியை விடுகின்றன, வலி தெரிவது குறைகிறது, அசைவது சுலபமாகிறது. ஒரு நாளோ இரண்டு நாளோ கதவு திறந்திருக்கும். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

"நிறைய தண்ணி குடிங்க, டாக்சின் எல்லாம் வெளியே போயிடும்" என்று பல இடங்களில் சொல்வார்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் மசாஜ் தசையிலிருந்து கழிவைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012-இல் 11 இளைஞர்களை நன்றாக உடற்பயிற்சி செய்ய வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிஷம் மசாஜ் செய்து, தசையில் துளி எடுத்துப் பார்த்தார்கள். அழற்சி அறிகுறிகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தில் மாற்றமே இல்லை. அதனால் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு, கடமை முடிந்தது என்று லேப்டாப் முன்னால் உட்காராதீர்கள்.

இப்போது நல்ல செய்தி. இது நம்ம ஊரிலேயே, சிட்னியில் நடந்தது. மக்குவாரி பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 701 பேரை எடுத்துக்கொண்டது. எல்லாரும் கீழ் முதுகு வலி வந்து சமீபத்தில் குணமானவர்கள். பாதிப் பேருக்கு ஒரு பிசியோ, ஆறு மாதத்தில் ஆறு தடவை சந்தித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகும் நடைப்பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்தார். முதுகு வலியைப் பற்றிய விளக்கமும் கொடுத்தார். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிஷம் என்பது இலக்கு. மீதிப் பாதிப் பேருக்கு எதுவும் கொடுக்கவில்லை. 2024-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. வேலையைக் கெடுக்கும் அளவு வலி திரும்பி வர நடக்காதவர்களுக்கு இடைநிலைக் கணக்கில் 112 நாள் ஆனது. நடந்தவர்களுக்கு 208 நாள்.

அந்த ஆய்வில் மசாஜ் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நம்ம கேள்விதான். வலி விட்ட பிறகு, அது திரும்பி வராமல் எப்படித் தள்ளிப் போடுவது? பதில் நடை. காசு கிடையாது, அப்பாயின்ட்மென்ட் கிடையாது.

நான் இப்போது செய்வது

மசாஜ் அன்றைக்கு:

அப்பாயின்ட்மென்டை சனிக்கிழமை காலையிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றினேன். கடைக்குப் போவது, பிள்ளையைக் கூப்பிடுவது எல்லாம் அதற்கு முன்னாடியே முடிந்துவிடும். வெளியே வந்ததும் காரில் ஏறி உட்காராமல் பத்து நிமிஷம் மெதுவாக நடப்பேன். வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான குளியல். ராத்திரி கோதுமைப் பையை மைக்ரோவேவில் சூடு பண்ணி இடுப்பில் 15 நிமிஷம். அம்மா இதைப் பார்த்துவிட்டு "இது ஒத்தடம்தானே, பேரை மாத்திட்டா புதுசா?" என்றாள். சரிதான். (சூடு தாங்கும்படி இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டே தூங்கிவிடக் கூடாது.) லேப்டாப் கிடையாது, பத்து மணிக்குப் படுக்கை. அன்றைக்கு ஜிம்முக்கும் லீவு.

அடுத்த மூன்று நாள்:

இது முக்கியமான நேரம். தேய்த்த இடம் கொஞ்சம் நொந்துபோன மாதிரி இருக்கலாம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அசையாமல் படுத்திருப்பது தப்பு. ஞாயிறு காலை பாரமட்டா பார்க்கில் அரை மணி நேரம் நடக்கிறேன். மெல்பர்ன்காரர்களுக்கு ஜெல்ஸ் பார்க் இருக்கிறது, டான்டினாங் கிரீக் பாதை இருக்கிறது. முதல் வாரம் 10 நிமிஷம் நடந்தாலும் போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம். பிசியோ சொல்லிக் கொடுத்த இரண்டு மூன்று பயிற்சிகளை, வலி குறைவாக இருக்கும் இந்த நாட்களில் செய்வது சுலபம். வலி வந்த பிறகு செய்ய மனசே வராது.

மற்ற நாட்கள்:

சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைப்பதை நிறுத்தினேன். நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி ஸ்கிரீனைக் கண் மட்டத்துக்கு ஏற்றி, தனியாக ஒரு கீபோர்டு வைத்துக்கொண்டேன். அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருக்கப் போனில் அலாரம். போனில் பேசுகிற மீட்டிங் எல்லாம் நடந்துகொண்டே.

பிள்ளைகளைத் தூக்குவதில்தான் நிறைய தப்பு பண்ணியிருக்கிறேன். கார் சீட்டில் உட்கார வைக்கும்போது கால் வெளியே, இடுப்பு திரும்பி, கை நீட்டி, 15 கிலோ. இப்போது ஒரு காலைக் காருக்குள் வைத்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நேராக நின்று உள்ளே விடுகிறேன். தரையிலிருந்து தூக்கும்போது முட்டியை மடக்கிக் கிட்டே போகிறேன். மூன்றரை வயசுக்காரியால் கார் சீட்டில் தானே ஏற முடியும் என்பதும் தாமதமாகத்தான் உறைத்தது.

மசாஜை எப்படிப் பிரித்துக்கொள்வது?

நான் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று பரப்பி வைத்திருந்தேன். 2014-இல் சியாட்டில் ஆய்வாளர்கள், நாள்பட்ட கழுத்து வலி உள்ள 228 பேரிடம் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வாரம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் 60 நிமிஷம், நாலு வாரம் என்று நெருக்கமாகச் செய்தவர்களுக்குத்தான் நல்ல பலன். 30 நிமிஷ மசாஜ் பெரிதாக உதவவில்லை. வாரம் மூன்று தடவை நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் வருஷத்துக்கு ஆறு மசாஜ்தான் முடியும் என்றால், அதில் மூன்றை வலி அதிகமாக இருக்கும் மாதத்தில் அடுத்தடுத்த வாரங்களில் வைத்துக்கொள்ளலாம். அந்த மாதத்திலேயே நடையையும் ஆரம்பித்துவிட வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன்.

காசு விஷயம். மெடிகேர் மசாஜுக்குக் கொடுக்காது. நாள்பட்ட வலி என்றால் ஜி.பி. திட்டம் போட்டு, வருஷத்துக்கு மொத்தம் 5 தடவை வரை பிசியோ மாதிரியான சேவைகளுக்கு மெடிகேர் உதவி வாங்கித் தரலாம், கேட்டுப் பாருங்கள். தனியார் காப்பீட்டில் எக்ஸ்ட்ராஸ் இருந்தால் பல திட்டங்களில் ரெமிடியல் மசாஜ் உண்டு. 2019 ஏப்ரல் 1 அன்று யோகா, ஷியாட்சு உட்பட 16 வகைகளுக்குக் காப்பீட்டுச் சலுகையை அரசு நிறுத்தியபோதும் ரெமிடியல் மசாஜ் அந்தப் பட்டியலில் சேரவில்லை. புக் பண்ணும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ரெமிடியல் மசாஜ் டிப்ளமா இருக்கிறதா? என் காப்பீட்டு நிறுவனத்தின் புரவைடர் நம்பர் இருக்கிறதா? பிசியோ மாதிரி மசாஜ் தெரபிஸ்டுகளுக்கு இங்கே தேசியப் பதிவு கிடையாது, அதனால் கேட்பது நம்ம பொறுப்பு.

எப்போது மசாஜே வேண்டாம்? காலில் மரத்துப்போவது அல்லது பலம் குறைவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடைகளுக்கு நடுவே உணர்வு இல்லாமல் போவது, காய்ச்சலோடு முதுகு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், விழுந்த பிறகு வந்த வலி. இதெல்லாம் உடனே டாக்டர் பார்க்க வேண்டியவை. சிறுநீர் கட்டுப்பாடு போனால் நேரே எமர்ஜென்சி. கர்ப்பமாக இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு, தெரபிஸ்டிடமும் சொல்லிவிட வேண்டும். அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் தடுமாற்றம் என்றால் 131 450-க்குப் போன் பண்ணித் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

இன்னொரு கணக்கு

இவ்வளவையும் என் மனைவியிடம் ஒரு ராத்திரி உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு டிராயரைத் திறந்தாள். அன்னையர் தினத்துக்கு நான் கொடுத்த மசாஜ் வவுச்சர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த முதல் அன்னையர் தினம். பிரிக்கவே இல்லை.

"போயிட்டு வந்தா உடனே சமையலறைக்குத்தானே போகணும்? அதுக்கு எதுக்குப் போகணும்?" என்றாள்.

நான் அவளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகான நாளைக் கொடுக்கவில்லை. எனக்கு மட்டும் சீக்கிரம் படுக்கை, ஒத்தடம், லேப்டாப் லீவு என்று அட்டவணை போட்டேனே, அந்த நேரத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைத்தது யார்? என் மசாஜ் நீடித்ததற்கு அவளுடைய சனிக்கிழமைகள்தான் விலை.

இப்போது ஒரு மாதம் அவள் முறை, ஒரு மாதம் என் முறை. அவள் முறை வரும் சனிக்கிழமை நான் சமையல், தமிழ்ப் பள்ளி, குளியல், கதை எல்லாம். முதல் தடவை வந்தபோது பழக்க தோஷத்தில் அடுப்புப் பக்கம் போனாள். பெரியவன் குறுக்கே நின்றுகொண்டு "அம்மா, ரசம் அப்பா வைச்சாச்சு" என்றான். ரசம் அவ்வளவு நன்றாக இல்லை, ஆனாலும் குடித்தாள். அன்றைக்கு ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்டாள். மசாஜ் வவுச்சர் வாங்கித் தரப் போகிறீர்களா? அதோடு அந்த நாளின் மீதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

என் வலி ஒரேயடியாகப் போய்விட்டதா? இல்லை. இந்த எட்டு மாதத்தில் இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் நான் நடையை விட்ட வாரங்களில். ஆனால் திங்கட்கிழமை ரயிலில் அது என்னோடு வருவதில்லை.

போன மாதம் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். கூட்டம். சின்னவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டி எட்டிப் பார்த்தாள், என்னிடம் கேட்கவில்லை. நான் முட்டியை மடக்கி, கிட்டே போய், நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். அவள் சாமியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லடா."

"அப்போ இன்னும் கொஞ்சம் மேலே."